தேசிக்காயும் தலைக்கவசமும்

மனிதன் இயந்திரத்தைப் படைத்தான். படைத்த கையோடு, அதற்கும் கண்ணூறு படும் என்று அஞ்சத் தொடங்கினான். மன்னார்த் தீவிலே தாராபுரத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் ஓடும் மோட்டார் சைக்கிள்களை நோக்குவோர் இதனை நன்கறிவர். சைவர் வீட்டுக்குப் புதிதாக வந்த வண்டியின் சில்லுகள் தேசிக்காயை நசுக்கிய பின்னரே வீதியைத் தொடுகின்றன. கத்தோலிக்கரின் வண்டியிலே செபமாலை தொங்குகிறது. முஸ்லிம் இளைஞன் பயண துஆவை ஓதிப் புறப்படுகிறான். இறைவனை வேண்டுவது அவரவர் உள்ளத்தைச் சார்ந்தது. அதனோடு நமக்கு வழக்கில்லை. தேசிக்காயும் தாயத்தும் சகுனமுமே இங்கு நம் ஆராய்ச்சிக்குரியவை.

இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. ஆயின் நகைப்பு ஆராய்ச்சியாகாது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் கடலின் துரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ஓர் உண்மையைக் கண்டார். அத்தீவினர் அமைதியான களப்பிலே மீன்பிடிக்கையில் மந்திரத்தை நாடவில்லை. தம் அறிவையும் திறனையுமே நம்பினர். ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்கையிலோ விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர். அறிவின் ஆட்சி முடியும் எல்லையிலே மந்திரம் தொடங்குகிறது.

வைகறையில் மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு விரையும் சிறு வியாபாரிக்கு வீதியே திறந்த கடல். எதிரே லொறி, இருளிலே குறுக்கிடும் மாடும் கழுதையும். அவன் விழுந்தால் அன்றே அவன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். காப்பவர் வேறெவரும் இல்லாதவன் தாயத்தைக் கட்டுகிறான். சமுதாயம் அவனைக் கைவிட்ட இடத்தை அத்தாயத்து நமக்குச் சுட்டிக்காட்டுகிறது.

எனினும், காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு. செயலை ஏற்றுக்கொள்வது வேறு. இராசத்தானில் பாலி நகருக்கு அண்மையில், ஓம் பன்னா என்ற இளைஞர் விபத்தில் மாண்ட இடத்திலே, அவருடைய புல்லட் மோட்டார் சைக்கிள் தெய்வமாக வைத்து வணங்கப்படுகிறது. பொலிசார் கொண்டுசென்ற வண்டி தானாகவே அவ்விடத்துக்குத் திரும்பிற்று என்பது கதை. இதனோடு மற்றொரு சாவை ஒப்பிடுவோம். ‘அரேபிய லோரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அவருக்குச் சிகிச்சையளித்தோருள் ஒருவரான மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ், பின்னர் இத்தகைய விபத்துகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டுநர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டமோ 1973 இல்தான் வந்தது. தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2008 ஆம் ஆண்டு மதிப்பாய்வு கூறுகிறது. ஒரு சாவு கோயிலாயிற்று. மற்றொரு சாவு கேள்வியாயிற்று.

கேள்வியை அவித்துவிடுவதே மூடநம்பிக்கையின் பெருந்தீங்கு. ‘எல்லாம் விதி’ என்ற ஒரு சொல்லால் விடுதலை பெறுவோர் யாவர்? வீதியைக் குழியாக விட்ட அதிகாரி, நேரத்தைச் சொல்லி விரட்டிய முதலாளி, குடித்துவிட்டு ஓட்டியவன் ஆகிய அனைவரும் விடுதலை பெறுகின்றனர். தண்டனையோ குற்றமற்றவர் மீது விழுகிறது. புறப்படும் வேளையில் கைம்பெண் எதிர்ப்பட்டாள் என்று வண்டியைத் திருப்புகிறவன், தன் அச்சத்தின் சுமையை அவள் தலையிலே ஏற்றுகிறான். போர் எத்தனையோ பெண்களைக் கைம்பெண்களாக்கிய வடபுலத்திலே இது கொடுமையிலும் கொடுமையன்றோ?

அப்படியாயின் மரபெல்லாம் இகழத்தக்கதோ? அன்று. கண்டி–யாழ்ப்பாண வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டிகள் நின்று செல்வது நெடுநாள் வழக்கம். தேங்காய் உடைப்போர் உடைக்கின்றனர். கச்சான் வாங்குவோர் வாங்குகின்றனர். நம்பிக்கை இல்லாதவர்க்கும் அந்த நிறுத்தம் நன்மையே. தூக்கம் கண்ணைச் சுழற்றும் ஓட்டுநர் அங்கே விழிப்படைகிறார். ஒரு வழக்கம் நம்மையும் பிறரையும் காக்கிறதா, அன்றிப் பழியைப் பிறர்மேல் ஏற்றி நம் பொறுப்பைக் கழற்றிவிடுகிறதா? இதுவே உரைகல்.

ஏழையின் கையிலிருந்து தாயத்தைப் பறிப்பது பகுத்தறிவாகாது. வீதிக்கு விளக்கும், தலைக்குக் கவசமும், விழுந்தவன் குடும்பத்துக்கு ஈடும் வேண்டுமென்று அவனோடு சேர்ந்து குரலெழுப்புவதே பகுத்தறிவு. அவை கிடைக்கும் நாளில் தேசிக்காய் தானாகவே சமையலறைக்குத் திரும்பும்.