மீனிடம் யாரும் உத்தரவு கேட்பதில்லை

மீன் விஷயத்தில் ஏறக்குறைய எல்லா மதங்களும் ஒரு சலுகை வைத்திருக்கின்றன. சலுகை மீனுக்கல்ல, தின்பவர்களுக்கு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத கத்தோலிக்க வீட்டில் மீன் குழம்பு கொதிக்கலாம். ஆட்டையும் கோழியையும் இறைவன் பெயர் சொல்லி முறைப்படி அறுக்கச் சொல்லும் இஸ்லாம், மீனை அறுக்காமலே ஹலால் என்று விட்டுவிடுகிறது. வங்காளத்தில் பிராமணர் வீட்டுக் கல்யாணச் சீரிலும் ரோகு மீன் போகும். புத்த பிக்குகளுக்கோ, தமக்காகக் கொன்றதைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்கவில்லை, அப்படியிருக்குமோ என்ற சந்தேகமும் எழவில்லை என்றால் மீனோ கறியோ பிச்சையில் ஏற்கலாம் என்று விதி. இதில் எதற்கும் மசியாதவர்கள் சமணர்கள்தான்.

எங்கள் பக்கம் குலசாமிக்குக் கிடா வெட்டும்போது அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு. சிலுப்பாமல் நின்றுவிட்டால் இன்னொரு செம்பு தண்ணீர் வரும். பூசாரி சாமியிடம் கெஞ்சுவார், பெருசுகள் என்ன குத்தமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும், அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கொஞ்ச நேரம் ஊரே ஒரு ஆட்டின் முகத்தைப் பார்த்து நிற்கிறதே, அதை வெறும் பாசாங்கு என்று தள்ள எனக்கு மனம் வராது. மீனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. தண்ணீருக்குள்ளேயே கிடப்பதன் மேல் எந்தத் தண்ணீரைத் தெளிப்பது?

இதையெல்லாம் யோசிக்க வைத்தவன் என் மகன். நரிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை, 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஆளை முக்கும் 2 மீட்டர் ஆழம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவோம். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். ஒன்றின் சோற்றில் இன்னொன்று வாய் வைக்காது. யாரும் விடாமலே ஜிலேபியும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் ஊறவைத்துப் பிசைந்து காலையில் போடுவது அவன் வேலை. வாளியின் பிடி கிணுங்கென்றால் போதும், வடக்கு மூலையில் தண்ணீர் சுழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தூண்டிலோடு உட்காருவோம். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் நறுக்கிய தக்கை. ஜிலேபிக்கு மண்புழு, ரோகுவுக்கு மைதா உருண்டை. முள்முனை வெளியே தெரியக் கூடாது, புழுவின் வால் மட்டும் நெளிய வேண்டும் என்று என் அப்பா எனக்குக் காட்டியதை நான் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒருநாள் தக்கை இரண்டு தரம் தலையாட்டிவிட்டு ஒரேயடியாக அமுங்கியது. அவன் சுண்டினான். அரைக்கிலோ இருக்கும், ரோகு. கரைப்புல்லில் விழுந்து, ஒருபக்கச் செவுளில் மண் அப்பிக்கொள்ள, வாயைத் திறந்து திறந்து மூடியது. அவன் கிட்டே போகவில்லை.

“ம்மா, இது நாம தவிடு போட்டு வளத்ததுதானே? இதுவும் நாம போடுற சாப்பாடுன்னு நெனச்சுத்தானே வாயத் தொறந்துச்சு?”

வளர்த்த கோழியை அடிப்பதில்லையா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது கொன்றதைப் பற்றி அல்ல, ஏமாற்றியதைப் பற்றி. கடலில் வலை வீசுபவர் மீனுக்கு எந்த வாக்கும் கொடுத்தவரில்லை. பெரிய புராணத்து அதிபத்தர் நாகப்பட்டினத்துப் பரதவர். பிடிபட்டதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். ஒரே மீன் அகப்பட்டு வீட்டில் பட்டினி கிடந்த நாட்களிலும் விட்டார், கடைசியில் பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார். 63 நாயன்மாரில் ஒருவரான அவரைச் சிவன் தொழிலை விடச் சொல்லவில்லை. சாமிக்குக் கொடுத்தது இலையில் கிடக்காமல் வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது என்பதால் எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனாலும் குட்டைக்காரிக்கு அதிபத்தர் துணை வரமாட்டார். என் மீன் என் வாளியை அறியும்.

பாகவதத்தில் வேறொரு கதை. திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலா ஆற்றில் தர்ப்பணம் செய்கையில், அள்ளிய தண்ணீரில் ஒரு குஞ்சு மீன் வந்துவிடுகிறது. ஆற்றிலேயே விடப் போகிறான். பெரிய மீன் தின்றுவிடும், என்னைக் காப்பாற்று என்கிறது குஞ்சு. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். கமண்டலத்தில் விட்டால் கமண்டலம் போதவில்லை, குளத்தில் விட்டால் குளம் போதவில்லை. ஏரி, கடல் என்று அதைச் சுமந்து திரிகிறான். அந்தக் கிருதமாலாதான் இன்று மதுரைக்குள் சாக்கடை சுமக்கும் கிருதுமால் நதி என்பார்கள். எங்கள் ஊர்க் கண்மாய் குடித்ததும் அதன் தண்ணீரைத்தான். அந்த மீன் திருமால் என்பதைவிட, அது வாய் திறந்து பேசியது என்பதுதான் எனக்குப் பெரிது. பேசிய நிமிடமே பொறுப்பு வந்து அவன் தலையில் ஏறிவிட்டது.

மற்ற மீன்கள் பேசுவதில்லை. ஆடு கத்தும், கோழி கொக்கரிக்கும். மீன் சத்தமில்லாமல் சாகும். எல்லா மதத்துச் சலுகைக்கும் அடியில் கிடப்பது இந்த ஊமைத்தனம்தானோ என்று எனக்குச் சந்தேகம். 2003-இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் டிரவுட் மீனின் முகத்தில் வலியுணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்து எழுதினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்களுக்கு மூச்சு வேகமெடுத்ததாம், உதட்டைக் கொண்டுபோய்க் கூழாங்கல்லில் தேய்த்தனவாம். மீனின் மூளையமைப்பை வைத்து இதை வலி என்று சொல்லக் கூடாது என மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. எனக்கு அந்த உதட்டுத் தேய்ப்பே போதுமான சாட்சி.

வள்ளுவர் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரத்திலும் கொல்லாமையை 33-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இரண்டும் துறவறவியல். “அது சாமியாருக்குச் சொன்னதுடி” என்பார் என் வீட்டுக்காரர், மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே. இயல் பிரிவைச் சொல்லித் தப்பிப்பதும் இன்னொரு சலுகைதான். வீட்டில் நானும்தான் தின்கிறேன், ஆனால் வள்ளுவர் எனக்குத் தின்ன அனுமதி தந்தார் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

தூண்டிலை நாங்கள் விடவில்லை. சில வரம்புகள் போட்டுக்கொண்டோம். குழம்புக்கு வேண்டுமென்றால் மட்டும் பிடிப்பது. பிடித்து, போட்டோ எடுத்து, உதடு கிழிந்ததைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கருணை என்று பேசுவது கூடாது. எனக்கு அந்த விளையாட்டைவிடக் குழம்பு நேர்மையாகத் தெரிகிறது. கரைக்கு வந்ததும் தலையில் ஒரே தட்டு, புல்லில் துள்ள விடக் கூடாது. தீனி போடும் வடக்கு மூலையில் தூண்டில் போடக் கூடாது என்பது அவன் சேர்த்தது. மீனுக்கு இந்தச் சட்டம் தெரியாது, வடக்கு மூலையில் தின்றதுதான் தெற்குக் கரைக்கும் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும் என்றான். கிடாவுக்கும் அந்த மஞ்சள் தண்ணீர் என்னவென்று தெரியாதுதானே.

பங்குனியில் குட்டை வற்றத் தொடங்கும். அதற்குள் வலை இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சேற்றில் கிடந்து சாகும், மிச்சத்தைக் கொக்கு பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கிணற்றுக்கு மாற்று என்று போன வருஷம் நின்றான். கிணறு அத்தனைக்குத் தாங்காது. சத்தியவிரதனுக்குக் கடல் இருந்தது, நமக்கு இல்லையடா என்றேன். இந்த வருஷம் இரண்டு கட்லா மட்டும் கிணற்றுக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். எந்த இரண்டு என்பதற்கு எங்களிடம் நியாயம் எதுவும் கிடையாது. வலையில் முதலில் ஏறுவது எதுவோ அது. மீதி வியாபாரியின் தராசுக்கு.