கிளை, கல், சருகு

வட கரோலினா. அக்டோபர். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள். அதன்மேல் ஓக் கிளை ஒன்று, சில கூழாங்கற்கள், ஒரு பை சருகு. எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரையில் கிடந்தவை. என் பாம்பின் பெட்டிக்குள் போகவேண்டியவை.

சாலையோரத்தில் நல்ல கிளைகள் உண்டு. அங்கே களைக்கொல்லி தெளிப்பார்கள். வெந்நீரும் சூடும் அதைப் போக்குவதில்லை.

*

நகத்தால் அழுத்துகிறேன். பதியவில்லை. மக்காத மரம்.

பட்டை இடுக்கில் ஒரு சாம்பல்நிறப் பூச்சி. தொட்டதும் சுருண்டுகொள்கிறது. காத்திருக்கிறேன். அதுவும்.

வாசற்படியில் கிளையை மெல்லத் தட்டுகிறேன். எறும்புகள். ஒரு சிலந்தி. மண்.

எல்லாம் விழுந்துவிடுவதில்லை.

*

பிரஷ். வெந்நீர். சோப்பு வேண்டாம், மரம் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பாசி பச்சையாகக் கரைந்து போகிறது.

*

ஓவன், 250 டிகிரி ஃபாரன்ஹீட். சூட்டுக்கம்பியில் படாமல் குறுக்காகக் கிடக்கிறது கிளை. பக்கத்தில் நாற்காலி. மரத்தை உள்ளே வைத்துவிட்டு வேறு அறைக்குப் போக முடியாது. உட்கார்ந்திருப்பதே வேலை. இப்படி ஒரு வேலை அபூர்வம்.

வாசனை வருகிறது. முதலில் ஈரமண். அப்புறம் பட்டை. அப்புறம் வருவதற்குப் பெயர் தெரியவில்லை.

இந்தச் சூட்டில் உண்ணிகள், அவற்றின் முட்டைகள், பூஞ்சை எல்லாம் முடிகின்றன.

முடிகின்றன என்று எழுதிவிட்டுப் பேனா நிற்கிறது.

*

பைன் கிளைகளைத் தொடவில்லை. பிசினின் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கும். பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது.

வெளியே இதே இனம், கார்ன் ஸ்நேக், பட்டுப்போன பைன் கட்டைகளின் பட்டைக்கடியில் ஒளிந்து வாழ்கிறது. அங்கே காற்று இருக்கிறது.

என் பாம்பு பெட்டிக்குள் பிறந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதன் சொந்த ஊர்.

*

கற்களுக்கு ஓவன் இல்லை. ஓடைக்கல்லின் விரிசலில் தண்ணீர் தங்கியிருக்கும். சூடானால் ஆவி வழி தேடும். கல் வெடிக்கும்.

எவ்வளவு காலமாக உள்ளே இருக்கிறதோ அந்தத் தண்ணீர்.

வாளியில் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச். ஜன்னல் திறந்திருக்கிறது. வினிகர் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

கல்லின் முதுகில் குமிழ்கள். ஒவ்வொன்றாக விட்டு மேலே போகின்றன.

அலசுகிறேன். மறுபடியும். கண்ணில் லேசான எரிச்சல். இருக்கிறது, போகிறது.

*

சருகுகள் கொதிக்கின்றன. தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வருகிறது. ஓர் இலை எழும்பி, புரண்டு, மற்றவற்றுக்கு அடியில் போகிறது.

கிரிப்டோஸ்போரிடியம் என்றோர் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாதது. பாம்பின் வயிற்றில் குடியேறினால் மெலியவைத்துவிடும். கொதிநீரில் சாகும். ப்ளீச்சுக்கு மசியாது.

கற்களுக்குக் கிடைத்ததோ ப்ளீச் மட்டும்.

எண்ணம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுப்பவில்லை.

*

கிளை ஆறிவிட்டது. கூரான முனைகளை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கிறேன். சொரசொரப்பு இருக்கட்டும். சட்டை உரிக்கும் நாளில் மூக்கை இதில் உரசித்தான் பாம்பு தொடங்கும்.

பெட்டிக்குள் வைக்கிறேன். ஆட்டிப் பார்க்கிறேன். ஆடவில்லை.

பாம்பு தூங்குகிறதா, பார்க்கிறதா. இமை இல்லாத கண்.

நாக்கு வெளியே வருகிறது. காற்றைத் தொட்டு உள்ளே போகிறது. அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு எதையோ கொண்டுபோய்க் கொடுக்கிறது. பூச்சி இல்லை. பாசி இல்லை. ஓடை இல்லை.

மறுபடியும் நாக்கு.

*

கற்கள் வெயிலில். ஒன்றை எடுத்து முகர்கிறேன். ப்ளீச் வாசனை இன்னும் இருக்கிறது. போகும்வரை உள்ளே வைப்பதற்கில்லை.

வைக்கும்போது மண்ணின்மேல் அல்ல, மண்ணை ஒதுக்கிப் பெட்டியின் தரையில். பாம்பு அடியில் குடைந்து போனால் மேலே இருக்கும் கல் இறங்கிவிடும்.

நாளைக்கும் வெயில் வேண்டும்.