கடல் காற்றாலையும் வலசைப் பறவையும்: மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

கடலில் காற்றாலை நட்டால் வலசைப் பறவைகளுக்கு இருவகைக் கேடு நேரலாம். சுழலும் விசிறியில் மோதிச் சாவது ஒன்று. காற்றாலைகள் நிற்கும் பரப்பையே ஒதுக்கிவிட்டு இரை தேடும் இடத்தை இழப்பதும், சுற்றுவழியில் பறந்து களைப்பதும் மற்றொன்று. நிலக்கரிப் புகையைக் குறைக்கக் காற்றாலை வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. அதற்காகப் பறவைக்கு நேரும் கேட்டை எதுவரை பொறுக்கலாம், கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பவையே அறநெறிக் கேள்விகள்.

இந்தியக் கடலில் வணிக அளவில் காற்றாலை இன்னும் சுழலவில்லை. அதற்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. 2024 ஜூனில் ரூ.7,453 கோடி உதவித்தொகைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் என்பது திட்டம். தமிழ்நாட்டில் இதற்குக் குறிக்கப்பட்டது மன்னார் வளைகுடாப் பகுதி. மத்திய ஆசிய வலசைப்பாதையில் வரும் பறவைகள் பல குளிர்காலம் கழிப்பதும் அங்கேதான். தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் இறங்குகின்றன. ராமர் பாலத்து மணல்திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன.

கேட்டை அளப்பது எப்படி என்பதற்கு, கடலே இல்லாத பெங்களூருவிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழுவினர், மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்துச் சால்கேவாடி பீடபூமியில் செய்த ஆய்வை 2018இல் வெளியிட்டனர். காற்றாலை இல்லாத இடங்களில் இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இருந்தன. காற்றாலை உள்ள இடங்களில், தொண்டை விசிறிபோல் விரியும் ஒருவகை ஓணான் பெருகியிருந்தது. மேலிருந்து பாயும் பருந்து இல்லாததால் அதற்கு அச்சம் குறைந்திருந்தது. மனிதர் வெகு அருகே வரும்வரை ஓடாமல் நின்றது. செத்த பறவைகளை மட்டும் எண்ணியிருந்தால் இந்த மாற்றம் தெரிந்திருக்காது.

காற்றாலைக்கு ஆதரவான வாதமும் வலுவானதே. புவி வெப்பம் ஏறிக் கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவது ஆலாக்கள் முட்டையிடும் அந்த மணல்திட்டுகள்தாம். டென்மார்க்கின் நிஸ்டெட் கடல் காற்றாலையருகே ரேடார் வைத்துப் பார்த்தபோது, வாத்தினப் பறவைகளில் மோதும் அளவுக்கு நெருங்கியவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த எண்ணிக்கையை எல்லாப் பறவைக்கும் பொருத்த முடியாது. கடற்பறவைகள் பலவும் நெடுநாள் வாழ்பவை, பருவத்துக்கு ஓரிரு முட்டையே இடுபவை. வளர்ந்த பறவைகள் சில கூடுதலாகச் செத்தாலும் கூட்டம் மீள ஆண்டுகள் ஆகும்.

நிலத்தில் விடியற்காலையில் காற்றாலையின் அடியில் தேடினால் பறவையின் உடல் கிடைக்கும். கடலில் விழுந்ததை அலை கொண்டுபோகும், மீன் தின்னும். ஆகவே அங்கே இறப்பு பதிவாகவில்லை என்பது இறப்பே இல்லை என்பதாகாது. கேட்டின் தடயம் தானாக அழியும் இடத்தில், பறவைக்காகப் பேசுவோரிடம் சான்று கேட்பது நியாயமன்று. காற்றாலை நடுபவரே மெய்ப்பிக்க வேண்டும். நடுவதற்கு முன்பே, பல பருவங்களில், இரவிலும் பறவைகளை எண்ணினால்தான் பின்னர் ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். இந்தியாவில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கேட்டைக் குறைக்க வழிகளும் உண்டு. நார்வேயின் ஸ்மோலா தீவில் விசிறியின் மூன்று அலகுகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியதும் பறவை இறப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நெதர்லாந்தில் 2023 மே மாதம், பெருங்கூட்டமாக வலசை நடந்த ஓர் இரவில், கடல் காற்றாலைகளின் வேகத்தைச் சில மணிநேரம் வெகுவாகக் குறைத்தார்கள். அதனால் குறையும் மின்சாரத்தை நட்டமாகக் கருதாமல், திட்டச் செலவிலேயே முதலில் சேர்த்துவிட வேண்டும்.

இவற்றுக்கு ஒரு வரிசை உண்டு: முட்டையிடும் திட்டுகளையும் முக்கிய வலசை வழிகளையும் விட்டு விலகி நடுவது முதலாவது, விலக முடியாத இடத்தில் வலசைப் பருவத்தில் விசிறிகளை நிறுத்துவது அடுத்தது, இரண்டும் பயன்படாத இடத்தில் நடாமல் விடுவது கடைசி. காற்றின் வேகம் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் ஓர் இடத்தைத் தேர்வதற்குப் போதிய காரணமாகாது.