இடிந்த சுவருக்குப் போர் எதற்கு?

ஒரு புகைப்படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போடிப் பக்கம் போய்விடுகிறது. சரி, இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்தில் எடுத்த படம் அது. சுவரில் பெரிய ஓட்டை. அதன் வழியாகத்தான் நாம் உள்ளே பார்க்கிறோம். உள்ளே வெளுத்த சுவர்களுக்கு நடுவே கல்லும் காரையும் குவிந்து கிடக்கிறது. அதில் பையன்கள் விளையாடுகிறார்கள். ஒருவன் கக்கத்தில் கட்டை கொடுத்து ஊன்றி வருகிறான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். சிரிப்பும் கூச்சலும் நம் காதில் விழுகிற மாதிரி இருக்கும்.

மதுரையில் ஒரு நண்பரின் அறையில் இதை முதலில் பார்த்தேன். "ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தோழர். குண்டு விழுந்த வீட்டுல பிள்ளைக விளையாடுது பாருங்க" என்றார். பார்த்தேன். போர் தெரிந்தது. குண்டு தெரிந்தது. கட்டை ஊன்றிய பையனின் காலைக்கூடக் குண்டுதான் கெடுத்திருக்கும் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். நாலு பேரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

படம் எடுத்த வருஷம் 1933. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியது 1936 ஜூலையில். அந்தச் சுவரை எந்தக் குண்டும் இடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் என்று இல்லை, உலகம் பூராவும் எத்தனையோ பேர் அதைப் போர்ப்படம் என்றே நம்பி வந்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. தேதி தெரியாமல் போனதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. போடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், இடிந்த சுவரைக் கண்டதும் போரைத் தேடினேனே, அதற்குத்தான்.

எங்கள் ஊரில் நிமிர்ந்தால் மலை. மலையில் ஏலத்தோட்டம். இருட்டோடு எழுந்து ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைச் சுற்றிப் போய், கேரளத்துப் பக்கத் தோட்டங்களில் காய் எடுக்கிறவர்கள் எங்கள் பெண்கள். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கிறது. நாள் பூராவும் குனிந்த முதுகு நிமிராது. அந்தக் காய் போடியில் ஏலம் போய் ஊர் உலகத்துக்கு மணக்கிறது. எடுத்தவள் வீட்டு மண்சுவரோ ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒரு பக்கம் கரையும். கரைந்த சுவரில் ஏறிக் குதிப்பது எங்கள் விளையாட்டு. அதை யாராவது படம் பிடித்திருந்தால் அதையும் போர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1989 செப்டம்பரில் கலவரம் வந்தது. போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. காய் எடுப்புக் காலம், அம்மா மலையில் இருந்தாள். ஜீப் ஓடவில்லை. நாலு நாள் அவள் தோட்டத்து லயத்தில், நாங்கள் கீழே அம்மாச்சியோடு. எங்கள் தெருவில் மூன்று வீடு எரிந்து போனது.

தீ அடங்கிய இரண்டாம் நாள் நாங்கள் அந்த வீடுகளுக்குள் விளையாடினோம். விளையாட்டின் பெயரே 'கலவரம்'தான். ஒரு கூட்டம் விரட்ட வேண்டும், ஒரு கூட்டம் ஓட வேண்டும். ஓடுகிற பக்கம் சேர எவனும் சம்மதிக்கவில்லை. எல்லாருக்கும் விரட்டத்தான் ஆசை. கடைசியில் சின்னப் பிள்ளைகளையும் தங்கச்சிகளையும் ஓட விட்டோம். அதுகள் கத்திக்கொண்டு ஓட, நாங்கள் கரிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு விரட்டினோம். அப்படி ஒரு சிரிப்பு. குழந்தை என்றால் கள்ளம் கபடம் தெரியாதது என்று பேசுகிறவர்கள் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. எரிக்க வந்தவன் எப்படி நின்றான், என்ன சொல்லித் திட்டினான் என்று எங்களுக்கு அச்சுப் பிசகாமல் மனப்பாடம்.

அப்போது ஒருத்தர் காமிராவோடு வந்தார். மோசமான ஆள் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே அழுதுவிடுவார் போலிருந்தது. "தம்பிகளா, கொஞ்சம் சிரிக்காம நில்லுங்கப்பா" என்றார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எரிந்த நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாச்சி சொன்னாள்: "ஏஞ்சாமி, வீட்டத்தான் எரிச்சுப்புட்டாய்ங்க. புள்ளைக சிரிப்பையும் நீங்க அமத்தணுமாக்கும்?" அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாச்சி அதோடு விடவில்லை, எங்கள் பக்கம் திரும்பினாள். "எடுபட்ட பயலுகளா, ஒங்களுக்கு வெளையாட வேற வெளையாட்டே கெடைக்கலையா?" என்று விளக்கமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அம்மாச்சியின் அந்த இரண்டு பேச்சையும் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பை விட்டுக்கொடுக்கவும் இல்லை, விளையாட்டை ஏற்கவும் இல்லை.

போர் என்றால் அதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. தொடங்கிய நாள் உண்டு, முடிந்த நாள் உண்டு, தோற்றவனுக்கும் ஒரு கொடி உண்டு. கலவரம் என்றால் யாரோ புத்தி கெட்டு அடித்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடும். 'இரு பிரிவினர் மோதல்' என்று பத்திரிகைகள் எழுதுமே, அதில் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தராசில் சமமாக நிற்பார்கள். போடி எரிந்த அதே 1989 செப்டம்பரில், 11ஆம் தேதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30. எங்களுக்கு நடப்பதன் பெயர் 'வன்கொடுமை' என்று சட்டம் எழுதிவைக்கவே சுதந்திரத்துக்குப் பிறகு 42 வருஷம் ஆகியிருக்கிறது.

செவில் படத்துக்கு வருவோம். அதே 1933 ஜனவரியில், செவிலுக்குத் தெற்கே காதிஸ் மாகாணத்தில் காசாஸ் வியெஹாஸ் என்ற கிராமம். பெயருக்கு அர்த்தம் 'பழைய வீடுகள்'. பெரும் பண்ணைகளுக்கு நடுவே நிலமில்லாத கூலிகளின் ஊர். கூலிகள் ஆயுதத்தோடு எழுந்தார்கள். அடக்க வந்த அரசுப் படை, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஒரு கிழவரின் குடிசைக்கு, உள்ளே ஆட்கள் இருக்க, தீ வைத்தது. அப்புறம் ஊருக்குள் ஆண்களைப் பிடித்து வந்து சுட்டது. செத்தவர்கள் இருபதுக்கும் மேல். அப்போது அங்கே நடந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசின் ஆட்சி. படித்துக்கொண்டு வரும்போதே நமக்கு வேறு ஓர் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலியில் உயர்வு கேட்ட மக்கள். ஒரே குடிசைக்குள் 44 உயிர், பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். அன்று தஞ்சையிலும் போர் எதுவும் நடக்கவில்லை.

நிலம் இல்லாதவன் குடிசை எரிவதற்குப் போர் தேவையில்லை, சமாதானமே போதும். இதை ஒத்துக்கொள்ள மனசு வராமல்தான் கண் போரைத் தேடுகிறது. போர் என்றால் முடிந்துவிடும் அல்லவா? முடிந்த பிறகு சுவரைக் கட்டிவிடுவார்கள் அல்லவா? அமைதிக் காலத்திலேயே பிள்ளைகள் இப்படித்தான் கிடக்கிறார்கள் என்றால் பார்க்கிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆறுதல் இருக்கிறது. 'இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் பார்!' 2009இல் வன்னி மக்களை லட்சக்கணக்கில் வவுனியாவுக்குப் பக்கத்தில் மெனிக் பாம் முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தபோது, முகாமில் பிள்ளைகள் விளையாடுகிற படத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்காங்க" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். சிரிக்காதே என்று சொன்ன காமிராக்காரரும் சிரிப்பைப் பார்த்துத் திருப்திப்பட்ட இவரும் செய்தது ஒரே காரியம்தான். இரண்டு பேரும் பிள்ளையைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா என்று மதுரை நண்பர் கேட்டார். எடுக்கட்டும். பிள்ளையின் சிரிப்பு பிள்ளைக்கே இருக்கட்டும். நாம் கேட்க வேண்டியது சுவரிடம். யார் இடித்தது? ஏன் திரும்பக் கட்டவில்லை? நிலம் யாருடையது? அன்று எங்கள் தெருவில் அந்தக் காமிராவைக் கொஞ்சம் நிமிர்த்தியிருந்தால் மலை விழுந்திருக்கும். எங்கள் உழைப்பு எங்கே போகிறது என்பது அதில் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்து என் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் இப்போது வளர்ந்த பிள்ளைகள். கேட்டுக்கொண்டே இருந்தவள், 'அப்படி ஒரு சிரிப்பு' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"நீங்கதாண்ணே சிரிச்சீங்க. நான் நெசமாவே பயந்துதான் ஓடுனேன். கரிக்கட்டை இன்னும் சுட்டுக்கிட்டு இருந்துச்சு."

இத்தனை வருஷமாக அவளும் சிரித்தாள் என்றே நினைத்திருந்தேன். 'இரு பிரிவினர் மோதல்' என்று எழுதுகிறவனைத் திட்டிக்கொண்டே, 'பிள்ளைகள் விளையாடினோம்' என்று நானும் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள்ளும் விரட்டியவர்கள் உண்டு, ஓடியவர்கள் உண்டு. செவில் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கட்டை ஊன்றிய பையன் விளையாட்டில் இருக்கிறானா, விளையாட்டிலிருந்து தப்பித்து வருகிறானா? இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் காமிராக்காரர் எடுத்த படத்தை நான் பார்த்ததே இல்லை. எங்காவது கிடைத்தால் முதலில் தங்கச்சி முகத்தைத்தான் தேடுவேன்.