முற்பிறவி இல்லாதவர்கள்

“ஆர்க் ரத்தம் இருக்கற பொண்ணு மந்திரவாதி ஆகக் கூடாதா சித்தி?”

மில்வாக்கியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் நான். அக்கா மகளுக்கு 13 வயது. அன்று அவளுக்கு முதல் ஆட்டம். தன் கதாபாத்திரத் தாளைப் பாதி நிரப்பிவிட்டுத்தான் இப்படிக் கேட்டாள்.

“ஆகலாமே” என்றேன். எங்களோடு பல வருடமாக ஆடும் நண்பர், “ஆகலாம், ஆனா எடுபடாது” என்றார். அவர் சொன்னது கணக்கு. எங்களிடம் இருந்தது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆர்க், நோம், டுவார்ஃப் எல்லாம் இந்த ஆட்டத்தின் கற்பனை இனங்கள். அந்தப் பதிப்பில் அரை ஆர்க்காகப் பிறந்தால் வலிமையில் 2, உடல் உறுதியில் 1 கூடும். நோமாகப் பிறந்தால் அறிவில் 2 கூடும். மந்திரவாதிக்கு வேண்டியது அறிவு. எல்லோருக்கும் சமமாகத் தரும் புள்ளிகளைச் செலவழித்து அதை 15 வரைதான் ஏற்றலாம். அவள் அங்கேயே நிற்பாள். நோம் 17க்குப் போய்விடும். பகடை உருட்டும்போது அவளுக்குச் சேருவது 2, நோமுக்கு 3. இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகத்தின் வித்தியாசம்.

“ஒண்ணுதானே” என்று சொல்ல வந்த நான் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் எதையும் செய்து பார்ப்பதற்கு முன்பே விழுந்துவிட்ட ஒன்று அது.

“யாரு எழுதினது இதை?” என்றாள்.

இது பழைய கேள்வி. ஒருவர் சுகத்திலும் ஒருவர் துயரத்திலும் பிறக்கிறார்களே, படைத்தவனுக்குப் பாரபட்சம் உண்டா என்று பிரம்ம சூத்திரம் கேட்கிறது. இல்லை, அவரவர் வினைக்கேற்பவே படைப்பு என்று பதிலும் சொல்கிறது. அந்தப் பதிலோடுதான் நான் வளர்ந்தேன். துக்க வீட்டில் அது ஆறுதல் தந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறப்பைச் சொல்லி ஒருவரைத் திண்ணையோடு நிறுத்தியபோது அதுவே நியாயமாக வந்ததையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று மாலை என் மேசையில் பிறந்த மந்திரவாதிக்கு முற்பிறவி ஏது? அவள் செய்த வினை என்ன?

ஜான் ரால்ஸ் 1971இல் வேறு விதமாகச் சொன்னார்: திறமைகளை இயற்கை பங்கிடுவதில் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை, அதை வைத்துக்கொண்டு நம் அமைப்புகள் என்ன செய்கின்றன என்பதில்தான் நியாயம் இருக்கிறது. எனக்கு இதுவும் கைகொடுக்கவில்லை. ஆட்டத்தின் உலகில் இயற்கையே கிடையாது. அங்கே ஒவ்வொரு கூட்டலையும் கழித்தலையும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இந்த ஆட்டம் பிறந்த லேக் ஜெனீவா எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிகளில் டுவார்ஃப் போர்வீரனாக மட்டுமே இருக்க முடியும். ஆறாம் படிநிலையோடு வளர்ச்சி நின்றுவிடும். இந்த உலகம் மனிதர்களை மையமாக வைத்தது என்பதைக் கைகாக்ஸ் பின்னால் வெளிப்படையாகவே எழுதினார். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வரம்புகளை நீக்கியது. ஆனால் அரை ஆர்க்குக்கு வலிமையில் 2 கூட்டி, அறிவில் 2, வசீகரத்தில் 2 கழித்தது. சமநிலை என்று சொன்னார்கள். தராசைப் பிடித்திருந்த கை யாருடையது என்று நான் அப்போது கேட்கவில்லை.

2020இல் வந்த ஒரு துணைநூல் கூட்டல்களை விரும்பிய இடத்துக்கு மாற்ற அனுமதித்தது. 2024 பதிப்பு ‘இனம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘உயிரினம்’ என்றது. கூட்டல்களைப் பிறப்பிலிருந்து எடுத்து, கதாபாத்திரம் முன்பு பார்த்த தொழிலுக்குக் கொடுத்தது. மகிழ்ந்தேன். பிறகு பட்டியலைப் படித்தேன். விவசாயிக்கு வலிமை, உடல் உறுதி, விவேகம் உண்டு; அறிவு மட்டும் இல்லை. உழுதவள் மந்திரம் படிக்க வந்தால், ஆர்க் பெண் நின்ற அதே இடத்தில் நிற்பாள்.

அப்படியானால் எல்லா வேறுபாட்டையும் அழித்துவிடலாமா? “அப்புறம் நான் எதுக்கு டுவார்ஃபா இருக்கணும்?” என்று நண்பர் கேட்டதும் நியாயம்தான். டுவார்ஃபுக்கு இருட்டில் கண் தெரியும். விஷம் எளிதில் ஏறாது. இவற்றால் அவன் யாருக்கும் மேலேயோ கீழேயோ போவதில்லை. அறிவு அப்படியல்ல. எல்லோரையும் ஒரே சுவரில் நிறுத்தி உயரம் குறிக்கிற கோடு அது. பிறப்பு ஒருவருக்கு வரம் தரலாம். அந்தச் சுவரில் அவருக்கு முன்கூட்டியே கோடு போட அதற்கு உரிமையில்லை என்று நான் நம்புகிறேன். அவளுடைய 2ஐ வலிமையிலிருந்து அழித்து அறிவில் எழுதினேன். என் உலகத்தில் நடப்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சுரங்கத்தில் அவளுடைய உயிர்ப்புள்ளி பூஜ்யமானது. அரை ஆர்க்குக்கு ஒரு பிறவி வரம் உண்டு: விழ வேண்டிய நேரத்தில் ஒரு தடவை, 1 புள்ளியோடு எழுந்து நிற்கலாம். எழுந்தாள். வெளியே ஓட வழி இருந்தது. நண்பரின் டுவார்ஃப் உள்ளே நினைவிழந்து கிடந்தான்.

“நான் உள்ள போறேன் சித்தி” என்று பகடையை எடுத்தாள்.