யாருடைய சாவுக்கு யாருடைய பறை?

கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டு பூதி விக்கிரமகேசரியின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. அவன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரும் அதில் உண்டு. பறையடித்தவனின் வம்சத்துக்கு அப்படியொரு கல் இல்லை. ஆனாலும் ஊர் அதை மறந்ததேயில்லை. எழவு விழுந்தால் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பணும்னு தமிழ்நாட்டு ஊர்களுக்கு நல்லாவே தெரியும்.

இந்த இழிவு வேண்டாமென்று பறையைத் தூக்கிப் போட்டவர்கள் நம்மில் உண்டு. அதையே விடுதலையின் குரலாக மேடையேற்றியவர்களும் உண்டு. விடணுமா, எடுக்கணுமா என்பது நமக்குள் தீராத வழக்கு. ஜாஸ் வாத்தியங்களின் கதையை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

1739இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் கறுப்பு அடிமைகள் கொட்டடித்து ஆள் சேர்த்துக் கலகம் செய்தார்கள். 1740இல் சட்டம் வந்தது: அடிமை கொட்டும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. அங்கே 'அடிக்காதே' என்றான் ஆண்டை. இங்கே 'அடி' என்றான். ரெண்டும் ஒரே அதிகாரம்தான்.

பின்னாளில் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பு மக்கள் ராணுவ பேண்டின் டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், டிரம்ஸை எடுத்து ஜாஸ் ஆக்கினார்கள். சாவு ஊர்வலத்திலும் அவற்றையே வாசித்தார்கள். இடுகாட்டுக்குப் போகையில் மெதுவாக, புதைத்துத் திரும்புகையில் தெருவே ஆடும்படி. தங்கள் சங்கங்களின் காசில், தங்கள் சனத்தின் சாவுக்கு வாசித்தார்கள். அதில் கௌரவம் இருந்தது.

அப்படியானால் சாவுக்கு அடிப்பது இழிவில்லை. மாட்டுத்தோலும் இழிவில்லை. 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியாமல் இருக்கிறதே, இழிவு அங்கேதான் இருக்கிறது.

சபாக்காரர்களின் காதுக்கும் இதில் பங்குண்டு. பெல்ஜியக்காரர் அடோல்ப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்சபோன், கத்ரி கோபால்நாத் கையில் கர்நாடக மேடை ஏறியது. கடல் தாண்டி வந்த பித்தளைக்கு இடம் கொடுத்தவர்கள் பக்கத்துச் சேரிப் பறையை வாசலிலேயே நிறுத்தினார்கள். சுதியும் தாளமுமா தடுத்தது?

பறையை விட்டவரைக் கோழை என்பதும், எடுத்தவரை அடிமை என்பதும் தப்பு. மறுக்கும் உரிமை கையில் இருந்தால் இரண்டுமே விடுதலைதான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அடிப்பது தாங்களாகத் தேர்ந்துகொண்ட பறை.

இன்று கல்லூரி விழாக்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறையடிக்கிறார்கள். அடிக்கட்டும். கைதட்டுகிறவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: உங்க ஊர் எழவுக்கு ஒருத்தர் வரமாட்டேன்னு சொன்னா, மறுநாள் அவருக்கு வயல்ல வேலை இருக்குமா?