வாயைத் திறந்து பார்த்தீர்களா?



ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை நம் ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாமும் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகள் வரிசையாக நிற்கும். விலை லட்சங்களில். வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் தலைவலி. தாது உப்புப் பொடியைத் தீவனத்தில் கலந்து வைத்தால், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில குதிரைகள் உதட்டாலேயே கொள்ளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, பொடியைத் தொட்டியின் அடியில் அப்படியே விட்டுவைக்கும்.

வளர்க்கிறவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கோதுமைத் தவிட்டை ஈரமாகப் பிசைந்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. முதல் நாள் ஒரு சிட்டிகை, பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை சின்னது. வாந்தி எடுக்கவும் வராது. தீவனத்தைத் திடுதிப்பென்று மாற்றினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்? திமிர் என்போம். கொள்ளுக்கு வாயைத் திறக்கும், கடிவாளத்துக்கு மூடும் என்று பழமொழியே வைத்திருக்கிறோமே! விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் பழமொழி சொல்ல மாட்டார். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார். பல் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தால் மேல்வரிசையின் வெளி ஓரம் கூராகி, மெல்லும்போதெல்லாம் கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழிக்கும். அரத்தால் ராவிவிட்டால், நேற்று வரை அடம்பிடித்தது இன்று தின்னும். இரைப்பையில் புண் இருந்தால் புல்லைத் தின்னும், தானியத்தை ஒதுக்கும். அதுவும் அடம் மாதிரியேதான் தெரியும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்ததாகவும், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிந்ததாகவும் எழுதியிருக்கிறார். போட்டவர்கள் ஆசையாகத்தான் போட்டிருப்பார்கள்; குதிரைக்கு எது வேண்டும் என்று பார்க்கவில்லை.

இன்றைய முதல் வாசகத்துக்கு வருவோம். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். அரசி ஈசபேலுக்குப் பயந்து ஓடிய இறைவாக்கினர் எலியா, சூரைச் செடியடியில் சாவைக் கேட்டுப் படுத்துவிடுகிறார். கர்மேல் மலையில் நெருப்பை இறக்கிய மனிதருக்கு இப்படி ஒரு நிலைமையா என்று வானதூதர் கேட்கவில்லை. தட்டி எழுப்புகிறார். தணலில் சுட்ட அப்பம், குவளையில் தண்ணீர், அவ்வளவுதான். எலியா சாப்பிட்டுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல், மறுபடியும் படுத்துக்கொள்கிறார். நம் வீட்டில் என்றால் என்ன பேச்சு விழும்! தூதர் இரண்டாம் தடவையும் வந்து தொடுகிறார். உனக்குப் போகவேண்டிய வழி நெடுந்தூரம் என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

பூசைக்கு வர மாட்டேன் என்கிற மகன், ஜெபமாலைக்கு உட்காராத மருமகள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற வயசான அம்மா என நம் வீடுகளிலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கொழுப்பு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அம்மாவுக்குப் பல்செட் ஈறில் குத்துகிறதா என்று யாராவது பார்த்தோமா? மகனிடம் இதே கோயில் வாசலில் வைத்து யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டோமா?

நற்செய்தியில் ஆண்டவர் தம்மையே உணவாகக் கொடுக்கிறார். யூதர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் அந்தச் சொல்லுக்குச் சர்க்கரை தடவவில்லை, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின நாள் மலைமேல் அந்தக் கூட்டத்தைப் புல்தரையில் உட்காரவைத்து, வேண்டிய மட்டும் அப்பமும் மீனும் கொடுத்திருந்தார். ஓரேபு மலையிலும் இதே வரிசைதான். இங்கே உனக்கு என்ன வேலை என்று ஆண்டவர் எலியாவைக் கேட்டது, அப்பத்தைக் கொடுத்து நாற்பது நாள் நடக்கவைத்த பிறகு.

எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்வோம்.